கட்டத்துக்குள்: மாட்டிக்கொண்டு நிற்க நல்ல இடம்

இந்தப் பகுதிக்கு வழக்கமாக வருபவை குறுக்கெழுத்துக் கடிதங்கள்தான். 'இடமிருந்து வலம் 14-க்கு நீங்கள் கொடுத்த விடை தப்பு' என்று சண்டைக்கு வருபவர்கள் பாதிப் பேர். மீதிப் பேர் கட்டம் சின்னதாக இருக்கிறது, எழுத்து உள்ளே உட்காரவில்லை என்று சொல்பவர்கள். போன இதழில் கடைசியில் கொஞ்சம் இடம் மிச்சமிருந்ததால், 'இப்போதெல்லாம் ராத்திரிச் சாப்பாடு முடிந்ததும் ஒரு மணி நேரம் டேப்லெட்டில் புதிர் விளையாட்டு ஆடுகிறேன்' என்று ஒரு வரி எழுதிவிட்டேன். பதினாறு வருஷமாகப் போடும் குறுக்கெழுத்துக்கு இத்தனை கடிதம் வந்ததில்லை. ஆகவே இந்த மாதம் முழுக்க அதுதான். 14-க்கு நான் கொடுத்த விடை சரி. அந்தச் சண்டையை அடுத்த மாதம் வைத்துக்கொள்ளலாம்.

ஐம்பத்தெட்டு வயதில் வீடியோ கேமா? உங்களைப் பற்றி வேறு மாதிரி நினைத்திருந்தேன். எப்படி ஆரம்பித்தது?
– ஓய்வுபெற்ற தலைமையாசிரியை, தேவகோட்டை

நானும் என்னைப் பற்றி வேறு மாதிரிதான் நினைத்திருந்தேன் டீச்சர்.

என் அப்பாவுக்கு 84 வயது. தச்சு வேலை செய்தவர். கை நடுக்கம் வந்து உளியைக் கீழே வைத்து நாலு வருஷம் ஆகிறது. பகலெல்லாம் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்து, எதிரில் இருக்கும் கதவின் கீலைப் பார்த்துக்கொண்டிருப்பார். போன பொங்கலுக்கு வந்த அண்ணன் மகள், தான் புதிது வாங்கிவிட்டதால் ஓரத்தில் விரிசல் விட்ட பழைய டேப்லெட்டை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனாள். "அத்தை, இதுல ஒரு பொட்டி இருக்கு. திறந்து பாருங்க" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

அது 'தி ரூம்' என்கிற விளையாட்டு. இருட்டான ஓர் அறை, நடுவில் ஒரு பெட்டகம். ஓடுவது, சுடுவது, எதிரி எதுவும் கிடையாது. விரலால் பெட்டகத்தைச் சுற்றிச் சுற்றிப் பார்க்க வேண்டும். ஒரு தகட்டை நகர்த்தினால் சாவித் துவாரம், சாவியை வைத்துத் திருப்பினால் இன்னொரு அறை, அதற்குள் இன்னொன்று. நடுவில் ஒரு கண்ணாடி வில்லை கிடைக்கும். அதை மாட்டிக்கொண்டு பார்த்தால், வெறுங்கண்ணுக்குத் தெரியாத கோடுகள் மரத்தின் மேல் தெரியும். முதல் நாள் ராத்திரி நான் இருபது நிமிஷம் ஒரே பக்கத்தைத் தடவிக்கொண்டிருந்தேன். பின்னாலிருந்து அப்பாவின் குரல்: "அந்தப் பூணைப் பாரு. மத்ததெல்லாம் மரத்தோட சேர்ந்து நிக்குது, அது மட்டும் ஒட்ட வெச்ச மாதிரி இருக்கு. திருகிப் பாரு."

திருகினேன். திறந்தது.

அன்றிலிருந்து நாற்காலியை அவர் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டுதான் ஆடுகிறேன். விரல் என்னுடையது, கண் அவருடையது. எங்கள் பக்கத்துப் பெரிய வீடுகளில் பழைய கணக்குப் பெட்டிகள் இருக்கும், நீங்களும் பார்த்திருப்பீர்கள். அதில் ஒரு சட்டத்தை அழுத்தினால் பக்கவாட்டில் கள்ளறை வெளியே வரும். அப்பா தன் வாழ்நாளில் அப்படி மூன்று பெட்டி செய்திருக்கிறாராம். இத்தனை வருஷத்தில் இப்போதுதான் சொல்கிறார். யார் வீட்டுக்கு என்று கேட்டேன். "செஞ்சவன் சொல்லக் கூடாது" என்று வாயை மூடிக்கொண்டார்.

அவருக்குக் குறையும் உண்டு. "இவ்வளவு கனமான மூடிக்கு இந்தக் கீல் தாங்காது" என்று அடிக்கடி முணுமுணுப்பார். ஆனால் தாழ் விழும் சத்தத்தை மட்டும் ஒவ்வொரு முறையும் ரசிப்பார். தேக்கில் விழுகிற சத்தம் வேறு, பித்தளையில் விழுகிற சத்தம் வேறு. அதைச் செய்தவர்கள் ஒழுங்காகக் காது கொடுத்திருக்கிறார்கள். இங்கிலாந்தில் கில்ஃபோர்ட் என்கிற ஊரில் இருக்கும் ஃபயர்ப்ரூஃப் கேம்ஸ் என்ற சின்ன நிறுவனம், 2012 செப்டம்பரில் ஐபேடுக்காக வெளியிட்டது. அந்த வருஷத்தின் சிறந்த ஐபேட் விளையாட்டாக ஆப்பிள் அதைத் தேர்ந்தெடுத்தது. எங்கள் வீட்டில் அதற்கு வேறு பேர்: 'பொட்டி'. "பொட்டியை எடு" என்பார் எட்டரை மணிக்கு.

இரண்டு மணி நேரத்தில் முடிந்துபோகும் விளையாட்டுக்கு ஏன் காசு கொடுக்க வேண்டும்? ஐயாயிரம் கட்டம் (லெவல்) உள்ள விளையாட்டு இலவசமாகவே கிடைக்கிறதே!
– பேருந்து நடத்துநர், திருமயம்

இந்தக் கேள்வியை உலகமே கேட்டிருக்கிறது, நீங்கள் தனி ஆள் இல்லை. 2010-இல் 'லிம்போ' என்கிற புதிர் விளையாட்டு வந்தபோது, மூன்று நாலு மணி நேரத்தில் முடிவதற்கு 15 டாலரா என்று பெரிய வாக்குவாதம். 2014 நவம்பரில் 'மான்யுமென்ட் வேலி' என்கிற இன்னொரு புதிர் விளையாட்டுக்குப் புதிதாக எட்டு அத்தியாயங்கள் சேர்த்து இரண்டு டாலர் விலை வைத்தார்கள். முதலில் நாலு டாலர் கொடுத்தோமே, இதைச் சும்மா தரக் கூடாதா என்று கோபப்பட்டு ஒற்றை நட்சத்திரமாகப் போட்டுத் தள்ளினார்கள் சிலர்.

உங்கள் ஐயாயிரம் கட்டம் விளையாட்டை நானும் ஆடியிருக்கிறேன். பேர் வேண்டாம். ஒரே நிறத்தில் மூன்றைச் சேர்த்தால் வெடிக்கும், உங்களுக்கும் தெரிந்திருக்கும். ஐந்து உயிர் கொடுப்பார்கள். ஐந்தும் போனால் அரை மணி நேரம் காத்திருக்க வேண்டும், அல்லது காசு கட்ட வேண்டும். ஒருநாள் ராத்திரி பதினோரு மணிக்கு, இன்னும் ஒரே ஒரு நகர்த்தலில் ஜெயித்துவிடுவேன் என்கிற நிலையில் 89 ரூபாய் கட்டினேன். அதே ராத்திரி இன்னும் இரண்டு தடவை கட்டினேன். மறுநாள் காலையில் காய்கறிக்காரரிடம் கத்தரிக்காய்க்கு மூன்று ரூபாய் பேரம் பேசும்போதுதான் உறைத்தது.

தொழில் முறையில் ஒன்று சொல்கிறேன். ஒரு கட்டத்துக்கு முப்பது குறிப்பு நான் எழுதுவேன். அதில் ஏழெட்டுதான் எனக்கே பிடித்த குறிப்பாக இருக்கும். என்னிடம் ஐயாயிரம் குறிப்பு கேட்டால் என்ன செய்வேன்? 'நிலா' என்பதற்கு நூறு விதமாக ஒரே குறிப்பை எழுதுவேன். ஒரு நல்ல யோசனையில் பத்துப் புதிர்தான் தேறும், பதினொன்றாவது முதலாவதின் தம்பியாக இருக்கும். தேறியதோடு நிறுத்திவிட்டவர்களுக்கு நான் காசு கொடுக்கிறேன். சாயங்காலம் ஒரு முழம் மல்லிகை வாங்குகிறோம், காலையில் வாடிவிடும். பூக்காரம்மாவிடம் அதற்காக யாரும் சண்டை போடுவதில்லையே.

மான்யுமென்ட் வேலி ஆடினேன் அக்கா. கோபுரத்தைத் திருப்பினால் இல்லாத பாதை வந்துவிடுகிறது. எப்படி? கட்டடவியல் படிக்கும் எனக்கே தலை சுற்றுகிறது.
– கல்லூரி மாணவர், சிவகாசி

தம்பி, நீங்கள் படித்திருப்பதால்தான் தலை சுற்றுகிறது. படிக்காத என் அம்மாவுக்குச் சுற்றவே இல்லை. "பாலம் வந்துருச்சு, நடந்து போ" என்றார்.

விஷயம் ரொம்ப எளிமை. தூரத்தில் இருப்பது சிறியதாகத் தெரியும் என்பது கண்ணுக்குள்ள விதி. தண்டவாளம் போகப் போகக் குறுகுவது அதனால்தான். அந்த விளையாட்டைச் செய்தவர்கள் அந்த விதியை எடுத்துவிட்டார்கள். நீங்கள் வரைபடப் பலகையில் ஐசோமெட்ரிக் என்று போடுவீர்களே, அதே முறை. பக்கத்தில் உள்ள செங்கல்லும் எட்டத்தில் உள்ள செங்கல்லும் ஒரே அளவு. அப்படியிருந்தால் எது முன்னால், எது பின்னால் என்று கண்ணுக்குச் சொல்ல ஆளில்லை. நிஜத்தில் பத்தடி தள்ளி இருக்கும் இரண்டு படிகள், ஒரு கோணத்தில் பார்த்தால் தொட்டுக்கொண்டிருப்பதுபோலத் தெரியும். 'தொடுவதுபோலத் தெரிந்தால் தொடுகிறது என்றே வைத்துக்கொள்' என்பதுதான் அந்த உலகத்தின் சட்டம். உங்கள் கல்லூரியில் அப்படி வரைந்தால் சுழி போடுவார்கள். இங்கே இடா என்கிற குட்டி இளவரசி அதன் மேல் வெள்ளைத் தொப்பியோடு டக் டக்கென்று நடந்துபோகிறாள்.

இதற்கு ஒரு வம்சாவளியும் உண்டு. லயனல் பென்ரோஸ், ரோஜர் பென்ரோஸ் என்று அப்பாவும் மகனுமாக 1958-இல், பிரிட்டிஷ் உளவியல் இதழ் ஒன்றில், காகிதத்தில் வரையலாம், கட்ட முடியாது என்கிற மாதிரி ஒரு முக்கோணத்தையும் ஒரு படிக்கட்டையும் வெளியிட்டார்கள். மகன் ரோஜர்தான் பிறகு 2020-இல் இயற்பியலுக்கு நோபல் வாங்கியவர். அந்தப் படிக்கட்டைப் பார்த்து, நெதர்லாந்து ஓவியர் எஷர் 1960-இல் ஒரு படம் போட்டார்: மாடியில் வரிசையாகத் துறவிகள், ஒரு வரிசை ஏறிக்கொண்டே இருக்கிறது, ஒரு வரிசை இறங்கிக்கொண்டே இருக்கிறது, யாரும் எங்கும் போய்ச் சேர்வதில்லை. மறுவருஷம் தானாகவே மேலேறி விழும் அருவி. லண்டனில் உள்ள அஸ்டூ நிறுவனத்தில் கென் வாங் என்ற வடிவமைப்பாளர் எஷரின் பாணியில் போட்ட ஓவியம் ஒன்றிலிருந்துதான் இந்த விளையாட்டு கிளம்பியது. 2014 ஏப்ரலில் வந்தபோது பத்தே அத்தியாயம்.

நீங்கள் கவனித்தீர்களோ என்னவோ, சக்கரத்தைத் திருகும்போது ஒவ்வொரு பல்லுக்கும் ஒரு சுரம் கேட்கும். வேகமாகத் திருகினால் வேகமாக, மெதுவாகத் திருகினால் மெதுவாக. புதிரை விடுவித்த பிறகும் நான் அதைச் சும்மா முன்னும் பின்னும் திருகிக்கொண்டிருந்தேன். இடா பொறுமையாக நின்றாள்.

ஒரு குறையும் சொல்லிவிடுகிறேன். புதிர்கள் ரொம்பச் சுலபம். நான்கைந்து இடம் தவிர எங்கேயும் நான் யோசித்து நிற்கவில்லை. அழகாகக் கட்டிய வீட்டை ஒருவர் கையைப் பிடித்து வேகமாகச் சுற்றிக் காட்டி அனுப்பிவிட்டதுபோல இருந்தது.

நடுவில் மாட்டிக்கொண்டால் பொறுமை இல்லை. யூடியூபில் விடை பார்த்துவிடுகிறேன். தப்பா?
– மருந்துக்கடை ஊழியர், மானாமதுரை

தப்பு இல்லை, நஷ்டம். யாருக்கு என்றால், உங்களுக்குத்தான்.

என் கதையைக் கேளுங்கள். லிம்போவில் ஒரு சிறுவன் காட்டில் கண் விழிக்கிறான். தங்கையா அக்காவா தெரியாது, ஒரு சகோதரியைத் தேடிப் போகிறான். எல்லாமே கறுப்பும் சாம்பலும். அவனும் ஒரு நிழல்தான், இரண்டு கண் மட்டும் வெள்ளைப் புள்ளி. கொஞ்ச தூரத்திலேயே, தென்னை மரம் உயரத்துக்குக் கால் வைத்த ஒரு சிலந்தி வழி மறிக்கிறது. அருகில் போனால் காலால் குத்திக் கொன்றுவிடும். நான் குதித்தேன், ஓடினேன், பதுங்கினேன். முப்பது தடவையாவது செத்திருப்பேன். அம்மா பூஜை அறையிலிருந்து எட்டிப் பார்த்து, "யாருடி அந்தப் பிள்ளை, ஏன் சும்மா சும்மா சாகுது?" என்றார்.

மூன்று நாள் அங்கேயே நின்றேன். மூன்றாம் நாள் காலையில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தேன். துருவல் பல்லைப் பார்த்ததும் சட்டென்று ஞாபகம் வந்தது: கொஞ்சம் முன்னால் புல்லுக்குள் கிடந்த இரும்புப் பொறி. கரடி பிடிக்கப் பல் வைத்துச் செய்வார்களே, அது. அதில் கால் வைத்துத்தான் முதலில் செத்தேன். என்னைக் கொல்லும் என்றால் சிலந்தியின் காலையும் வெட்டுமே! ஈரக் கையோடு ஓடிவந்து டேப்லெட்டை எடுத்தேன். அண்ணாந்து பார்த்தால், மரக்கிளையில் இன்னொரு பொறி தொங்கிக்கொண்டு இருந்திருக்கிறது. மூன்று நாளாக அது அங்கேயேதான் இருந்தது.

ஒரு புதிர் நியாயமானதா என்பதற்கு நான் வைத்திருக்கும் அளவுகோல் இது. விடை தெரிந்ததும் 'அட, ஏமாற்றிட்டான்' என்று வந்தால் மோசமான புதிர். 'அட, கண் முன்னாலேயே இருந்ததே' என்று வந்தால் நல்ல புதிர். லிம்போ ஒரு பொருளால் முதலில் உங்களைக் கொன்று, அது என்ன செய்யும் என்று சொல்லிக்கொடுத்து, பிறகுதான் அதை உங்கள் கையில் கொடுக்கிறது.

அந்த மூன்று நாளில் நான் ஏன் தூக்கிப் போட்டுவிட்டுப் போகவில்லை? இதைத்தான் உங்களிடம் சொல்ல நினைத்தேன். அங்கே நிற்கப் பிடித்திருந்தது. பனி மூட்டம் போல ஒரு வெளிச்சம், எங்கோ காற்று, பூச்சிச் சத்தம், பாட்டு என்று எதுவும் கிடையாது. செத்தாலும் யாரும் திட்டுவதில்லை, மதிப்பெண் குறைவதில்லை, இரண்டடி பின்னால் மறுபடி எழுந்து நிற்கிறான். மாட்டிக்கொண்டு நிற்பது எல்லாப் புதிரிலும் உண்டு, குறுக்கெழுத்திலும் உண்டு. நிற்கிற இடம் எப்படிப்பட்டது என்பதில்தான் இருக்கிறது. இந்த விளையாட்டுகளின் இருட்டும் நிறமும் சத்தமும் அலங்காரத்துக்கு வைத்தவை என்று பலர் நினைக்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. விடை தெரியாமல் உட்கார்ந்திருக்க ஒரு திண்ணை கட்டிக் கொடுத்திருக்கிறார்கள். யூடியூபில் விடை பார்க்கிறவர் திண்ணையில் உட்காராமல் நேரே கொல்லைப்புறம் வழியாக வெளியே போய்விடுகிறார்.

சரி, உதவியே கூடாதா என்றால், செக் நாட்டுக்காரர்கள் 2009-இல் செய்த 'மஷினாரியம்' பாருங்கள். அதில் ஒவ்வொரு இடத்துக்கும் விடை வரைந்த ஒரு புத்தகம் உள்ளேயே இருக்கிறது. ஆனால் அதற்குப் பூட்டு. திறக்க வேண்டுமானால், சாவி ஒன்றைப் பறக்கவிட்டுச் சிலந்திகளைச் சுட்டுக்கொண்டே போகும் ஒரு மட்டமான குட்டி விளையாட்டை ஆடி முடிக்க வேண்டும். வேண்டுமென்றேதான் சலிப்பாகச் செய்திருக்கிறார்கள் என்று நினைக்கிறேன். அதை இரண்டு தடவை ஆடினால், இதற்குப் புதிரையே யோசித்துவிடலாம் என்று தோன்றிவிடும். என் குறுக்கெழுத்து விடைகளையும் அப்படி எங்காவது பூட்டி வைக்க முடியுமா என்று ஆசிரியரிடம் கேட்டிருக்கிறேன். தலைகீழாக அச்சிடுவதோடு நிறுத்திக்கொள்ளச் சொல்கிறார்.

இவற்றில் யாருமே பேசுவதில்லையே, ஏன்?
– தட்டச்சுப் பயிற்சி நிலையம் நடத்துபவர், அறந்தாங்கி

பாதிக் காரணம் சிக்கனம். மஷினாரியம் செய்தவர்கள் ஏழு பேர், மூன்று வருஷம், சொந்தச் சேமிப்பில். வசனம் எழுதினால் நடிகர் வேண்டும், பத்து மொழியில் பெயர்க்க வேண்டும். அதனால் குட்டி ரோபோ ஏதாவது நினைத்தால் தலைக்கு மேல் குமிழி வந்து அதில் படம் அசையும். இந்தக் குழுவின் தலைவர், ப்ராக் நகரக் கலைக் கல்லூரியில் படித்த யாகுப் துவோர்ஸ்கி, 2003-இல் பட்டப்படிப்புக்காகச் செய்த 'சாமொரோஸ்ட்'டிலேயே இந்த வழக்கம் வந்துவிட்டது. ரோபோவுக்கு யோசெஃப் என்று பேர். 'ரோபோ' என்கிற சொல்லைத் தன் தம்பிக்கு எடுத்துக் கொடுத்த செக் ஓவியர் யோசெஃப் சாபெக்கின் பேர் அது.

மீதிக் காரணத்தைக் கேட்க, காதில் இயர்போன் மாட்டிக்கொள்ளுங்கள். லிம்போ செய்த டென்மார்க் நிறுவனம் பிளேடெட், 2016-இல் 'இன்சைட்' என்று இன்னொன்று செய்தது. அதன் ஒலியமைப்பாளர் மார்ட்டின் ஸ்டிக் ஆண்டர்சன், ஒலிகளை ஒரு நிஜ மனித மண்டையோட்டின் வழியாகச் செலுத்தி, எலும்பில் அதிர்வதைத் திரும்பப் பதிவு செய்தார். நம் குரல் நமக்கே உள்ளுக்குள் எப்படிக் கேட்கும், அந்த மாதிரி. இவ்வளவு பாடுபட்டவர் நடுவில் ஒரு ஆள் வந்து 'இடது பக்கம் போ' என்று பேசுவதை விடுவாரா?

புதிர் மூளைக்கு வேலை. மனசுக்கு வேலை வைக்கிற புதிர் உண்டா அம்மா?
– ஆயத்த ஆடைத் தொழிலாளி, திருப்பூர்

உண்டு. இரண்டு சொல்கிறேன்.

'ஃப்ளாரன்ஸ்'. மான்யுமென்ட் வேலி செய்த அதே கென் வாங், மெல்பர்னில் தனியாக ஒரு குழு சேர்த்து, 2018 பிப்ரவரி 14 அன்று வெளியிட்டார். அரை மணி, முக்கால் மணி நேரம்தான். ஃப்ளாரன்ஸ் என்கிற பெண்ணுக்குக் கிரிஷ் என்கிற செல்லோ வாசிக்கும் இந்திய வம்சாவளிப் பையன்மேல் காதல். முதல் சந்திப்பில் அவள் பேச வேண்டுமானால், பேச்சுக் குமிழியைத் துண்டு துண்டாக நீங்கள் பொருத்த வேண்டும், ஜிக்சா போல. நிறையத் துண்டு, தடுமாற்றம். பழகப் பழகத் துண்டுகள் குறைகின்றன. கடைசியில் ஒன்றே ஒன்று, வைத்தால் போதும். சண்டை வரும்போது அதே துண்டுகளுக்குக் கூர்முனை வந்துவிடுகிறது. அவனுக்கு முன்னால் நீங்கள் முந்திப் பொருத்த வேண்டும். நான் வேகமாகப் பொருத்தி ஜெயித்தேன். ஜெயித்த பிறகு விரலை எடுத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். இப்படி நான் ஜெயித்த சண்டைகள் என் வீட்டிலும் உண்டு.

அவன் குடிவரும்போது அலமாரியில் அவன் சாமானுக்கு இடம் பண்ண வேண்டும். எதை எடுத்து உள்ளே போடுவது, எதை வெளியே விடுவது என்பது உங்கள் கையில். கல்யாணமாகிப் போன எந்தப் பெண்ணுக்கும் அந்த அலமாரியைத் தெரியும்.

இன்னொன்று நம் வீட்டுக் கதை: 'வெண்பா'. டொராண்டோவில் உள்ள விசை கேம்ஸ் 2023-இல் வெளியிட்டது. தமிழ்நாட்டிலிருந்து கனடா போன வெண்பா, பாவலன் தம்பதி, அவர்கள் மகன் கவின். 1988-இல் தொடங்குகிறது. வெண்பாவின் அம்மா எழுதிக் கொடுத்த சமையல் குறிப்பேடு கிழிந்தும் மை கலைந்தும் கிடக்கிறது. அழிந்த வரியை ஊகித்துச் சமைப்பதுதான் புதிர். முதலில் இட்லி. கனடாக்காரர்கள் மண்டையைப் பிய்த்துக்கொண்ட இடத்தில் நான் யோசிக்கவே இல்லை. நாற்பது வருஷமாக இட்லித் தட்டு அடுக்குகிறவளுக்கு அது புதிரா! ஆனால் புட்டில் தோற்றேன், எங்கள் வீட்டில் புட்டுக் குழல் கிடையாது. சமைக்கும்போது ரேடியோவில் நம் சினிமாப் பாட்டு மாதிரியே அவர்கள் இசையமைத்த பாட்டு ஓடும்.

சிரிப்பு அங்கேயே நின்றுவிடுகிறது. மகன் வளர வளர அவனுக்குத் தமிழ் நழுவுகிறது. பிறகு அவன் தனியாக நின்று பாட்டியின் குறிப்பேட்டைப் பார்த்துச் சமைக்கப் பார்க்கும்போது, எழுத்து இருக்கிறது, அவனுக்குத்தான் சரியாகப் படிக்கத் தெரியவில்லை. அதுவரை மை கலைந்ததால் புதிர். இப்போது மை கலையாமலே புதிர். ஒன்றரை மணி நேர விளையாட்டில் இதைச் செய்திருக்கிறார்கள். 2024-இல் பிரிட்டனின் பாஃப்டா, சிறந்த அறிமுக விளையாட்டு என்று பரிசு கொடுத்தது. பரிசு இருக்கட்டும், உங்கள் அம்மாவின் புளியோதரைப் பொடிக்குக் குறிப்பு எழுதி வாங்கிவிட்டீர்களா?

என் பையனுக்கு 9 வயது. லிம்போ கொடுக்கலாமா?
– வாசகி, பரமக்குடி

வேண்டாம். அந்தச் சிறுவன் சாகும் விதங்களைப் பார்த்து எனக்கே இரண்டு ராத்திரி தூக்கம் கெட்டது. மஷினாரியம் கொடுங்கள். பக்கத்தில் நீங்களும் உட்காருங்கள். விடை தெரிந்தாலும் வாயைத் திறக்காதீர்கள், அதுதான் உங்களுக்கான புதிர்.

இதை ஆடினால் ஞாபக மறதி வராதாமே?
– ஓய்வுபெற்ற தபால்காரர், காளையார்கோவில்

அதை டாக்டரிடம் கேளுங்கள் ஐயா. நான் ருசிக்காக ஆடுகிறேன். நேற்று ஆடிக்கொண்டே அடுப்பில் பாலை மறந்தேன்.

எல்லாவற்றையும் புகழ்கிறீர்கள். பிடிக்காதது எதுவுமே இல்லையா?
– வாசகர், ராஜபாளையம்

நிறைய. லிம்போ வந்த பிறகு, கறுப்பு நிழலாக ஒரு பையனை இடமிருந்து வலம் நடக்கவிட்டு, பின்னால் பியானோவில் நாலு சுரம் வாசித்தால் போதும் என்று ஒரு கூட்டம் கிளம்பியது. அண்ணன் மகள் அப்படி ஏழெட்டு ஏற்றிக் கொடுத்தாள். திறந்தால் மூட்டம், மழை, சோகம். புதிர் என்னவென்றால் பெட்டியைத் தள்ளி அதன் மேல் ஏறுவது. பத்துப் பெட்டி தள்ளியதும் மூடிவிட்டேன். ரசத்தில் பெருங்காயம் மட்டும் போட்டு, புளியை மறந்த கதை.

நேர்மாறாக ஒன்று சொல்ல வேண்டுமானால் 'கோரோகோவா'. அமெரிக்காவில் ஜேசன் ராபர்ட்ஸ் என்பவர் கணினி வேலையை விட்டுவிட்டு, ஆறேழு வருஷம் உட்கார்ந்து, அத்தனை படத்தையும் கையாலேயே வரைந்து, 2017 டிசம்பரில் முடித்தார். திரையில் நாலே கட்டம், இரண்டுக்கு இரண்டு. ஒரு கட்டத்துப் படத்தில் உள்ள ஜன்னலைத் தனியாகக் கழற்றி, இன்னொரு கட்டத்துப் படத்தின் மேல் வைத்தால் அது வாசலாகிவிடும். மொத்தம் இரண்டு மணி நேரம். கட்டம் போட்டே பிழைக்கும் எனக்கு, நாலு கட்டத்தில் இவ்வளவா என்று கொஞ்சம் பொறாமையாகவே இருந்தது.

இப்போது என்ன ஆடுகிறீர்கள்?
– பலர்

'பொட்டி'யின் இரண்டாம் பாகம். மூன்று வாரமாகக் கடைசி அத்தியாயத்தில் நிற்கிறோம். விடை எனக்குத் தெரிந்துவிட்டது, அப்பாவுக்கும் தெரிந்துவிட்டது என்று அவர் முகத்தைப் பார்த்தாலே தெரிகிறது. எட்டரைக்கு டேப்லெட்டை எடுத்து, பெட்டகத்தை இரண்டு சுற்றுச் சுற்றிப் பார்ப்போம். தாழ்ப்பாளுக்கு மேல் விரலை வைக்கும்போது, "இரு, நாளைக்குப் பார்த்துக்கலாம்" என்கிறார். நேற்றும் அதையே சொன்னார்.